மீன் தொட்டி உப்புக்கறை: வினிகர், பிளேடு, கொஞ்சம் கணக்கு

எங்கள் வீடு தாம்பரம் தாண்டி, போர் தண்ணீரை நம்பியிருக்கும் பகுதியில். குழாய் வாய், ஷவர், குளியலறை டைல்ஸ், கெய்சர் என்று தண்ணீர் படுகிற இடத்திலெல்லாம் வெள்ளை படியும். கூடத்தில் இருக்கும் இரண்டடி மீன் தொட்டி மட்டும் எப்படித் தப்பும்? தண்ணீர் மட்டத்தை ஒட்டி விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை, ஏர் ஸ்டோன் குமிழி தெறிக்கிற மூலையில் கொஞ்சம் தடிப்பாக, கண்ணாடி மூடியின் அடிப்பக்கம் முழுக்கப் புள்ளி புள்ளியாக. மோலிகளுக்கும் கப்பிகளுக்கும் இதில் எந்தப் புகாரும் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்குத்தான். தண்ணீர் தெளிவாக இருக்கும், மீன்கள் சுறுசுறுப்பாக இருக்கும், செடி தளிர் விட்டிருக்கும், ஆனாலும் "தொட்டியைக் கழுவவே மாட்டீங்களா?" என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்.

கறையை எடுப்பது பெரிய வித்தை இல்லை. காலித் தொட்டி என்றால் யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். மீன் உள்ளே நீந்திக்கொண்டிருக்கும்போது, அவற்றுக்குத் தெரியாமல் எடுப்பதுதான் விஷயம். அதற்கு இந்தக் கறை எது, எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

வாய்வழக்கில் உப்புக்கறை என்கிறோம். சமையல் உப்பாக இருந்தால் ஈரத்துணியால் ஒரு இழுப்பில் போயிருக்கும். இது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், கூடவே கொஞ்சம் மக்னீசியம். சுண்ணாம்புக்கல்லும் இதே பொருள்தான். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகிறது. வழியில் இருக்கும் பாறையிலிருந்து கால்சியத்தைக் கரைத்து, பைகார்பனேட்டாகச் சுமந்துகொண்டு போருக்கு வந்து சேர்கிறது. தொட்டியில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே வரைக்கும் கண்ணாடியில் ஒரு மெல்லிய ஈரப்படலம் ஏறி நிற்கும். அது சீக்கிரம் காயும்; கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடும் காற்றோடு போய்விடும். அது போனதும் கால்சியத்தால் கரைசலில் நிற்க முடியாது, கார்பனேட்டாகிக் கண்ணாடியிலேயே உட்கார்ந்துவிடும். மறுநாள் அதன்மேல் இன்னொரு படலம் ஏறிக் காயும். மட்டத்துக்குக் கீழே கண்ணாடி சுத்தமாக இருப்பதும், தகராறெல்லாம் அந்த ஓரத்தில் மட்டும் நடப்பதும் இதனால்தான்.

இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500, அதன் 2012ஆம் ஆண்டுப் பதிப்பில், மொத்தக் கடினத்தன்மை, அதாவது கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியத்தின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு நல்ல தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். போர் தண்ணீர் வீடுகளில் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் எங்கேயாவது இருந்தாலே தொட்டியில் வெள்ளை படியத்தான் செய்யும்.

கண்ணாடியில் தெரிவதெல்லாம் இந்தக் கறை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பச்சைப் புள்ளியாக இருந்தால் பாசி. புதுத் தொட்டியில் பழுப்பாகத் தூள் தட்டினால் டயட்டம் என்ற நுண்பாசி. இரண்டுக்கும் வினிகர் வேண்டாம், ஸ்பாஞ்சும், கண்ணாடியின் இரு பக்கமும் காந்தத்தால் ஒட்டித் தேய்க்கும் மேக்னட் கிளீனரும் போதும். கடல்நீர்த் தொட்டியின் விளிம்பில் பூத்து நிற்பது நிஜமாகவே உப்பு, வெறும் தண்ணீரில் கரையும். சந்தேகமாக இருந்தால் மட்டத்துக்கு மேலே காய்ந்த இடத்தில், பட்ஸ் முனையில் ஒரு சொட்டு வினிகரைத் தொட்டு வையுங்கள். நுண்ணிய குமிழி கிளம்பினால் கார்பனேட். ஒன்றுமே நடக்கவில்லை, ஆனால் வெள்ளையாக, கரடாக இருக்கிறது என்றால் அதில் சல்ஃபேட் கலந்திருக்கலாம். அதாவது ஜிப்சம் வகை. அதற்கு வினிகரை லிட்டர் கணக்கில் ஊற்றினாலும் பலன் இல்லை, பிளேடுதான் வழி.

மாடி வீட்டுக்காரர் ஒருவர் இதைப் பற்றிக் கேட்க வந்தார். "சார், பாத்ரூம் ஆசிட்ல ரெண்டு சொட்டு துணியில நனைச்சுத் தேய்ச்சா ஒரே நிமிஷத்துல போயிடாதா?"

"போயிடும் சார். மீனும் போயிடும்."

அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. அந்தப் புட்டியில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கால்சியத்தை நொடியில் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் கழிவறைக்கென்று விற்கும் பல புட்டிகளில் அமிலம் தனியாக இருக்காது. நுரைக்க ஒரு பொருள், ஒட்டி நிற்க ஒரு பொருள், வாசனை, நிறம் எல்லாம் கலந்திருக்கும். நுரைக்கிற பொருள்கள் மீனின் செவுளையும் மேல் வழவழப்பையும் நேராகத் தாக்குகிறவை. பாத்திரம் தேய்க்கும் சோப்பும் டிடர்ஜென்ட்டும் தொட்டி பக்கமே வரக்கூடாது என்பதும் இதே காரணத்துக்காகத்தான். இன்னொன்று: அந்த ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் கரைசல் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். பிளீச்சிங் பவுடரோடு வினிகர் சேர்ந்தாலும் அதே கதைதான். தொட்டிக்கு முன்னால் உங்கள் நுரையீரல் இருக்கிறது. துரு நீக்கி என்று விற்கும் சில பொருள்களில் ஃப்ளோரைடு சார்ந்த அமிலம் இருக்கும். அது கறையை விட்டுவிட்டுக் கண்ணாடியையே அரிக்கும்.

எனக்குப் பிடித்தது சாதா வெள்ளை வினிகர். மளிகைக் கடைப் புட்டியில் அசிட்டிக் அமிலம் சுமார் 4 முதல் 5 சதவீதம். நிறமோ மசாலாவோ சேர்க்காததாகப் பார்த்து வாங்கினால் போதும். நாட்டு மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுக்கும் சிட்ரிக் அமிலமும் நன்றாக வேலை செய்யும், வாடையும் இல்லை. பித்தளைப் பாத்திரம் தேய்த்த பழக்கத்தில் சிலர் புளி போடலாமா என்பார்கள். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். செம்பு, பித்தளை மேல் ஏறும் களிம்புக்கு அது சரி. கால்சியத்தோடு சேர்ந்தால் உண்டாகும் கால்சியம் டார்ட்ரேட் தண்ணீரில் லேசில் கரையாது. வினிகரால் உண்டாகும் கால்சியம் அசிட்டேட்டோ நன்றாகக் கரைந்து துணியோடு வந்துவிடும். அதனால் புளியைக் குழம்புக்கே வைத்துக்கொள்ளலாம்.

சரி, வேலைக்கு வருவோம். வாராவாரம் தண்ணீர் மாற்றும் நாளிலேயே இதையும் வைத்துக்கொள்வது வசதி. முதலில் ஹீட்டர், பில்டர், விளக்கு எல்லாவற்றையும் பிளக்கிலிருந்தே பிடுங்கிவிட வேண்டும். ஹீட்டரை நிறுத்திக் கால் மணி நேரம் கழித்துத்தான் தண்ணீரை இறக்க வேண்டும். சூடாக இருக்கும் ஹீட்டர் கண்ணாடி தண்ணீருக்கு வெளியே வந்தால் விரிசல் விடும். அப்புறம் ஹோஸ் போட்டு, கறைக்குக் கீழே நாலு விரல் இடைவெளி வருமளவுக்குத் தண்ணீரை இறக்குங்கள். இந்த இடைவெளிதான் பாதுகாப்பே. கறை இருக்கும் கண்ணாடி இப்போது வெளியே நிற்கிறது, மீன்கள் கீழே இருக்கின்றன. காய்ந்த துணியால் அந்தப் பகுதியை ஒற்றி எடுங்கள். ஈரத்தின் மேல் வினிகர் வைத்தால் அது நீர்த்துக் கீழே வழியத்தான் பார்க்கும்.

ஸ்பிரே பாட்டில் வேண்டவே வேண்டாம். டிஷ்யூ பேப்பரை நீளவாக்கில் பட்டையாக மடித்து, வினிகரில் நனைத்து, சொட்டு விழாத அளவுக்குப் பிழிந்து, கறைமேல் ஒட்டிவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே இருக்கட்டும். கிட்டப் போய்ப் பார்த்தால் பேப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஊசிமுனை அளவுக் குமிழிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி, இரண்டு மூன்று சேர்ந்து பெரிதாகி, பேப்பரைச் சில இடங்களில் மெல்லத் தூக்குவது தெரியும். தூக்கிய இடத்தில் வினிகர் படாது, விரலால் மறுபடி அமுக்கிவிட வேண்டும். குமிழி அடங்கியதும் பேப்பரை உரித்துப் பார்த்தால், சுண்ணாம்பு வெள்ளையாக இருந்த பட்டை சாம்பல் நிறத்துக்கு வந்திருக்கும், ஓரம் கலைந்திருக்கும். காலாவதியான ஏடிஎம் கார்டால் ஒருமுறை தள்ளினால் முதலில் கரகரவென்று சத்தம் வரும். இரண்டாம் முறை சத்தம் குறையும். கண்ணாடி வந்துவிட்டால் கார்டு சத்தமில்லாமல் வழுக்கும். அந்தச் சத்தத்தை நம்பியே வேலை செய்யலாம், கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. தடிப்பான இடத்துக்குப் புதுப் பேப்பர், புது வினிகர், இன்னொரு சுற்று. அவசரப்பட்டுத் தேய்ப்பதைவிட இன்னும் பத்து நிமிடம் ஊறவிடுவது மேல்.

பிளேடு என்றதும் பலர் பயப்படுகிறார்கள். கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவுகோலில் கால்சியம் கார்பனேட் படிகம் 3, சாதாரணக் கண்ணாடி சுமார் 5.5, மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. ஷேவிங் பிளேடின் எஃகும் கண்ணாடியும் ஏறக்குறைய சமம். புது பிளேடை ஈரமான கண்ணாடியில் சாய்வாக, படுக்கைவசமாகப் பிடித்து ஒரே திசையில் தள்ளினால் கீறல் விழாது. நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டினாலும், துருப்பிடித்த பிளேடாக இருந்தாலும் விழும். ஆனால் நான் பார்த்த தொட்டிகளில் கீறலைப் போட்டது பெரும்பாலும் பிளேடு இல்லை, ஸ்பாஞ்சில் சிக்கிய மணல் துகள். மேக்னட் கிளீனரை மணல் மட்டம் வரை இறக்கி, ஒரு துகளைக் கவ்வ வைத்து, அப்படியே மேலே இழுத்துவிடுவார்கள். நீளமாக ஒரு கோடு, ஆயுளுக்கும் இருக்கும்.

பிளேடுக்கு ஒரே ஓர் எல்லை உண்டு. மூலைகளில் கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் சிலிகானுக்கு ஒரு விரற்கடை முன்பே நிறுத்திவிட வேண்டும். வினிகர் சிலிகானை ஒன்றும் செய்யாது. தொட்டி ஒட்டும் சிலிகானில் பெரும்பாலானவை காயும்போது அசிட்டிக் அமிலத்தைத்தான் வெளியே விடும், அந்தப் புளிப்பு வாடை கடையில் நின்றவர்களுக்குத் தெரியும். ஆனால் பிளேடு முனை உள்ளே போய்விட்டால் கசிவுதான். மூலையில் இருக்கும் கறைக்கு ஊறல், பழைய டூத் பிரஷ், பொறுமை. அக்ரிலிக் தொட்டி என்றால் பிளேடை மறந்துவிடுங்கள். மென்துணியும் வினிகரும் மட்டும். ஜன்னலுக்கு அடிக்கும் கிளீனர்களில் அமோனியாவோ ஆல்கஹாலோ இருந்தால் அக்ரிலிக்கில் மயிரிழை விரிசல்கள் ஓடும். கண்ணாடித் தொட்டிக்கும் அவை உள்பக்கம் ஆகாது.

கடைசியாக ஈரத்துணியால் கீழிருந்து மேலாகத் துடைத்து, துணியைத் திருப்பி இன்னொரு முறை. உடைந்து தண்ணீரில் விழுந்த வெள்ளைத் துகளைப் பார்த்துப் பதற வேண்டாம், அது தண்ணீரிலிருந்து வந்ததுதான், திரும்பிப் போயிருக்கிறது. அன்றைக்கே பில்டரையும் கழுவிவிடலாமே என்று மட்டும் தோன்றக்கூடாது. அதில் குடியிருக்கும் பாக்டீரியாதான் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சமாளிக்கிறது. தண்ணீர் மாற்றிய நாளில் அதையும் தொந்தரவு செய்ய வேண்டாம்.

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி: வினிகர் கொஞ்சம் உள்ளே விழுந்துவிட்டால்? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 5 சதவீத வினிகர் 10 மில்லியில் அரை கிராம் அசிட்டிக் அமிலம். 50 லிட்டர் தொட்டி, தண்ணீரின் கேஎச் 10 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். போர் தண்ணீருக்கு இது சகஜம். அமிலத்தை வாங்கிக்கொள்ளும் திறனைத்தான் கேஎச் காட்டுகிறது. அந்த 10 மில்லி முழுக்கவும் விழுந்தால்கூடக் குறைவது சுமார் அரை டிகிரி. தண்ணீரின் புளிப்பைக் காட்டும் பிஎச் பெரிதாக அசையாது. இதே 10 மில்லி, ஆர்ஓ தண்ணீர் ஊற்றி கேஎச் 1 டிகிரியில் வைத்திருக்கும் நியான் டெட்ரா தொட்டியில் விழுந்தால் இருக்கும் தாங்குதிறனில் பாதி காலி. ஆக, கறை அதிகம் பிடிக்கும் தண்ணீரே வினிகரையும் அதிகம் தாங்கும். மென்தண்ணீர்த் தொட்டிக்காரர்தான் சொட்டுக்குச் சொட்டு கவனமாக இருக்க வேண்டும். நல்லவேளை, அவர் தொட்டியில் கறையும் குறைவு.

ஆனால் புளிப்பைவிட எனக்குக் கவலை மூச்சுதான். அசிட்டேட் பாக்டீரியாவுக்கு நல்ல தீனி. பவளத்தொட்டி வைத்திருப்பவர்கள் நைட்ரேட்டைக் குறைக்க வேண்டுமென்றே வினிகரை அளந்து ஊற்றுவதும் இதை நம்பித்தான். அந்த அரை கிராமை பாக்டீரியா முழுவதுமாக எரித்துத் தீர்க்க ஏறக்குறைய அரை கிராம் ஆக்சிஜன் வேண்டும். 28 டிகிரி செல்சியஸில் 50 லிட்டர் நன்னீரில் எந்த நேரத்திலும் கரைந்திருக்கக்கூடியது 400 மில்லிகிராமுக்கும் கீழே. ஒரே நாளில் தின்று முடிக்காது, காற்றிலிருந்தும் கரைந்துகொண்டே இருக்கும் என்பதால் பொதுவாகச் சமாளித்துவிடும். இருந்தாலும் தாராளமாகக் கொட்டிவிட்டால், மறுநாள் தண்ணீர் பால் கலந்ததுபோல மங்கி, மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடினால், காரணம் இதுதான். ஏர் பம்பை முழு வேகத்தில் வைத்து, கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ தண்ணீரை மாற்றுங்கள். சென்னை மே மாதத்தில் இது இன்னும் முக்கியம். தண்ணீர் சூடாக ஆக ஆக்சிஜன் கரைவதும் குறையும்.

துடைத்து முடித்தால் சில வாரங்களில் மறுபடி வரும். அது வரும் வேகத்தைக் குறைப்பது வினிகரில் இல்லை, ஆவியாகிற தண்ணீருக்குப் பதிலாக எதை ஊற்றுகிறோம் என்பதில் இருக்கிறது. ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், அதிலிருந்த கால்சியம் உள்ளேயே இருக்கும். லிட்டருக்கு 400 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள போர் தண்ணீரைத் தினம் அரை லிட்டர் ஈடுகட்டினால் மாதம் 15 லிட்டர். 6 கிராம் சரக்கு கூடுதலாகத் தொட்டிக்குள் வந்துவிட்டது. 50 லிட்டரில் அது லிட்டருக்கு 120 மில்லிகிராம் ஏற்றம். தண்ணீரே மாற்றாமல் குறைகிறதை மட்டும் நிரப்பிக்கொண்டு வரும் வீடுகளில் கறை தடித்துக்கொண்டே போவது இதனால்தான். மீன்களும் வாங்கி வந்தபோது இருந்ததைவிட ரொம்பக் கடினமான தண்ணீரில் இருக்கும்.

ஆகவே குறைகிறதை நிரப்புவதற்கு ஆர்ஓ தண்ணீர் அல்லது மழைத் தண்ணீர். வாராந்திரத் தண்ணீர் மாற்றத்துக்கு வழக்கமான போர் தண்ணீர். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கறை வருகிறதே என்று ஒரே நாளில் தொட்டி முழுக்க ஆர்ஓவுக்கு மாற்றினால் மோலிக்கும் கப்பிக்கும் அதிர்ச்சிதான். அவை கடினத் தண்ணீரில் சுகமாக இருக்கும் மீன்கள். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட் வைத்திருப்பவர்கள் கடினத்தன்மையை வேண்டுமென்றே ஏற்றுகிறார்கள், கொளத்தூர்க் கடைகளில் அதற்கென்று தனியாகக் கல்லும் மணலும் கிடைக்கின்றன. 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமான பிறகு இங்கே பெரும்பாலான மாடிகளில் குழாய் இணைப்பு இருக்கிறது. முதல் இரண்டு மழையை விட்டுவிட்டு, மாடி கழுவுப்பட்ட பிறகு நாலு கேன் பிடித்து மூடி வைத்தால் இரண்டடித் தொட்டிக்கு ரொம்ப நாள் வரும்.

வீணாகப் போகிறதே என்ற நல்லெண்ணத்தில் ஆர்ஓ மெஷினின் கழிவுக் குழாய்த் தண்ணீரைத் தொட்டிக்கு ஊற்றுகிறவர்கள் உண்டு. நாம் வேண்டாம் என்று பிரித்தெடுத்த கால்சியமெல்லாம் அதில்தான் இருக்கிறது, நேர் எதிரான காரியம். ஏசி தண்ணீரும் பலருக்கு ஞாபகம் வரும். அதில் கால்சியம் இல்லை, உண்மைதான். ஆனால் அது செம்புக் குழாய்களின் மேல் வழிந்து, தூசியையும் அலசிக்கொண்டு வருகிறது. இறாலும் நத்தையும் உள்ள தொட்டிக்குச் செம்பு எமன். இன்வெர்ட்டருக்கு ஊற்றவும் நான் யோசிப்பேன், தொட்டிக்கு வேண்டாம்.

மூடியையும் பில்டர் மோட்டாரில் தண்ணீரைத் தள்ளும் சுழலியான இம்பெல்லரையும் கழற்றி வெளியே வாளியில் வினிகர் கலந்த தண்ணீரில் ஊறப்போடலாம், கவலையே இல்லை. மோட்டார் திடீரென்று கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தால், புது மோட்டார் வாங்கக் கிளம்பும் முன் இம்பெல்லரின் சின்னத் தண்டில் வெள்ளை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஹீட்டரும் ஆறிய பிறகு அப்படியே, தலைப்பகுதி நனையாமல்.

பழைய தொட்டி வாங்கி வருகிறவர்களுக்கு ஒன்று. நிற்கவைத்துத் தேய்த்துக் கையை ஒடித்துக்கொள்ள வேண்டாம். தெர்மாகோல் விரித்து, கறையுள்ள கண்ணாடி அடியில் வரும்படி தொட்டியைப் படுக்கவைத்து, கறை மூழ்கும் அளவுக்கு வினிகரை ஊற்றி ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். விளிம்புப் பக்கம் திறந்திருந்தால் தொட்டியை லேசாகச் சாய்த்துக் கொடுக்க வேண்டும். பிறகு திருப்பி அடுத்த பக்கம். வாடை போகும்வரை அலசி, நிரப்பி, ஒரு நாள் முழுக்க அடியில் செய்தித்தாள் போட்டுக் கசிவு பார்த்துவிட்டு மீனை விடலாம்.

இத்தனையும் செய்து, நகத்தால் தடவினால் வழவழப்பாக இருக்கிறது, ஆனாலும் காய்ந்ததும் பனி மூடியதுபோல ஒரு மங்கல் தெரிகிறது என்றால் விட்டுவிடுங்கள். அது கறை இல்லை, கண்ணாடியின் மேற்பரப்பே அரிக்கப்பட்டுவிட்டது. வருடக்கணக்கில் காரத் தண்ணீர் நின்று காய்ந்த தொட்டிகளில் வரும். வினிகரும் எலுமிச்சை உப்பும் அதை ஒன்றும் செய்யாது. பாலிஷ் போட்டு எடுக்கிற செலவில் புதுத் தொட்டியே வாங்கிவிடலாம். தண்ணீர் மட்டத்தை அந்த மங்கலுக்கு மேலே ஏற்றி வைத்தால் பெரும்பகுதி மறைந்துவிடும். இல்லையென்றால் அந்தப் பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, பின்னணித் தாள் ஒட்டிவிடுங்கள். திருப்புவதற்கு முன் தண்ணீரை முழுக்க இறக்கியாக வேண்டும். இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடித் தொட்டியில் நிரம்பினால் 56 லிட்டர், அதாவது 56 கிலோ. கண்ணாடியும் மணலும் தனி.